மிகப் பெரிய பகு எண்ணை ஆராய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓர் எண் எத்தனை இலக்கம் நீண்டிருக்கிறது என்பதைக் கொண்டு அதன் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 6746328388800 என்ற 13 இலக்க எண்ணுக்கு 10080 வகுத்திகள் உள்ளன. அதைவிட 2 கோடி மடங்குக்கும் மேல் பெரிதான 147573952589676412927 என்ற 21 இலக்க எண்ணுக்கோ நான்கே வகுத்திகள்தாம். இரண்டும் பகு எண்களே. முதலாவதைத் தாளும் பேனாவும் இருந்தால் எவரும் பிரித்துவிடலாம். இரண்டாவது பகு எண்தான் என்று நிறுவப்பட்ட பிறகும் 27 ஆண்டுகள் அதன் காரணிகள் யாருக்கும் அகப்படவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டவர் எந்தப் பெரிய எண்ணையும் அச்சமின்றி அணுகலாம்.

பெங்களூரின் அல்சூர் (ஹலசூரு) பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கணக்குப் பேச வருகிற தமிழர்களில் பலர், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூருக்கு மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள். கணினி அவர்களுக்குக் கைவந்த கருவி என்பதால், பெரிய எண்ணைக் கண்டதும் நேரே நிரலை ஓட்டிக் காரணிகளைப் பெற்றுவிடுகிறார்கள். விடை சரியாகவே வருகிறது. ஆனால் அந்த எண் ஏன் அப்படி உடைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே முதலில் கையால் ஓர் எண்ணைப் பிரித்துவிட்டு, கை போதாத இடத்தில் மட்டும் கணினியைத் தொடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இதற்குத் தேவையான முன்னறிவு பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது: வகுத்தல், மீதி, அடுக்கு, மீப்பெரு பொது வகுத்தி ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

முதல் படி: இலக்கங்களை உதிர்க்காத கருவி

கணக்கில் இறங்குமுன் கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். எக்செல் முதலான விரிதாள்கள் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன 21 இலக்க எண்ணை அதில் உள்ளிட்டால் 147573952589676000000 என்று மாறிவிடும். பிறகு செய்கிற ஒவ்வொரு கணக்கும் வேறோர் எண்ணைப் பற்றியதாகிவிடும். பல நிரல்மொழிகளில் உள்ள தசமப் புள்ளி எண் வகையும் இப்படித்தான். 2⁵³-க்கு மேற்பட்ட எல்லா முழு எண்களையும் அதனால் துல்லியமாக ஏற்க முடியாது என்பதால், 7-இல் முடியும் நம் எண்ணை அது 8-இல் முடியும் இரட்டை எண்ணாக ஆக்கிவிடும்.

பைத்தான் மொழியின் முழு எண்களுக்கு நீள வரம்பு இல்லை. நினைவகம் உள்ளவரை எத்தனை இலக்கமானாலும் ஏற்கும். ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோட்டை இட்டால் விடை தசமப் புள்ளி எண்ணாகிக் கடைசி இலக்கங்கள் கெட்டுவிடும். முழு எண் ஈவு வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோட்டையும், மீதி வேண்டுமென்றால் விழுக்காட்டுக் குறியையும் பயன்படுத்த வேண்டும். புதியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒற்றைச் சாய்கோட்டிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டாம் படி: சிறிய பகா எண்களைக் கையால் நீக்குதல்

இப்போது 6746328388800 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி வாசித்தால் இது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 ஆகும். இறுதியில் இரண்டு சுழியங்கள் இருப்பதால் 100-ஆல் வகுபடும். அதாவது இரண்டு 2-களும் இரண்டு 5-களும் உடனே வெளிவருகின்றன. மிஞ்சும் 67463283888 இரட்டை எண்ணாக இருக்கும்வரை 2-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 33731641944, 16865820972, 8432910486, 4216455243 என்று இறங்கி ஒற்றை எண்ணில் நிற்கும். இதுவரை கிடைத்தவை ஆறு 2-களும் இரண்டு 5-களும். நின்ற எண் 3-இல் முடிவதால் இனி 5 வராது.

அடுத்து 3. 4216455243-இன் இலக்கங்களைக் கூட்டினால் 36. ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 468495027. அதன் இலக்கக் கூடுதல் 45. மீண்டும் 9-ஆல் வகுத்தால் 52055003. இதன் இலக்கக் கூடுதல் 20 என்பதால் 3 தீர்ந்தது. மொத்தம் நான்கு 3-கள்.

7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. இம்மூன்றின் பெருக்கல் 1001. ஆகவே எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் வரும் எண் 1001-ஆல் வகுபட்டால் மூல எண்ணும் வகுபடும். தொடக்க எண்ணையே இப்படிப் பிரித்தால் 800 − 388 + 328 − 746 + 6 என்று வருகிறது. கூட்டிப் பாருங்கள், விடை சரியாகச் சுழியம். எனவே 7, 11, 13 மூன்றும் காரணிகள். 52055003-ஐ 1001-ஆல் வகுத்தால் 52003 கிடைக்கும். அது இன்னொரு முறை 7-ஆல் வகுபட்டு 7429 ஆகிறது. 7429-ஐ 17-ஆல் வகுத்தால் 437. 437 என்பது 19-ஐ 23-ஆல் பெருக்கி வருவது. ஊதா வழித்தட மெட்ரோவில் ஹலசூருவிலிருந்து வைட்ஃபீல்டு போய்ச் சேர்வதற்குள் இந்த முழு வேலையையும் ஒரு சிறு குறிப்பேட்டில் முடித்துவிடலாம்.

முடிவு இது: 6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

எண்களின் வரிசை முறையைப் பொருட்படுத்தாவிட்டால் ஓர் எண்ணை இப்படிப் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு வகையில்தான் எழுத முடியும் என்கிறது அடிப்படை எண்ணியல் தேற்றம். அதனால்தான் இந்த ஒற்றை வரியிலிருந்து எண்ணின் மற்ற இயல்புகளைத் தயக்கமின்றிப் படித்தெடுக்க முடிகிறது.

மூன்றாம் படி: பிரித்த வரியிலிருந்து இயல்புகளைப் படித்தல்

ஒரு வகுத்தியை உருவாக்க வேண்டுமென்றால் 2-இன் அடுக்கை 0 முதல் 6 வரை ஏழு வகையில் தேர்ந்தெடுக்கலாம். 3-இன் அடுக்கை ஐந்து வகையில், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று வகையில், எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு வகையில் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 32 = 10080. இவற்றுள் ஒற்றை எண்களாக உள்ளவை எத்தனை என்று கேட்டால், 2-இன் அடுக்கு 0 என்ற ஒரே தேர்வு மட்டும் இருப்பதால் 10080-ஐ 7-ஆல் வகுத்து 1440 என்று சொல்லிவிடலாம். முழு வர்க்கங்களாக உள்ள வகுத்திகள், இரட்டை அடுக்குகளை மட்டும் எடுத்தால், 4 × 3 × 2 × 2 = 48. இந்த எண் ஒரு முழு வர்க்கமா? 11 முதல் 23 வரை அடுக்குகள் ஒற்றையாக இருப்பதால் இல்லை; அதை முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண் 11 × 13 × 17 × 19 × 23 = 1062347.

வகுத்திகளின் கூடுதலும் இதே வழியில் வருகிறது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1-லிருந்து அதன் உச்ச அடுக்கு வரை கூட்டி, அந்தக் கூடுதல்களைப் பெருக்க வேண்டும். 2-க்கு 127, 3-க்கு 121, 5-க்கு 31, 7-க்கு 57, மற்றவற்றுக்கு 12, 14, 18, 20, 24. இவற்றின் பெருக்கல் 39413832353280. மூல எண்ணைப் போல் ஏறத்தாழ 5.84 மடங்கு. மூல எண்ணைவிடச் சிறியவையாக இருந்து அதனோடு 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்களின் எண்ணிக்கையை ஆய்லர் வகுத்த முறைப்படி கணக்கிட்டால் 32 × 54 × 20 × 42 × 10 × 12 × 16 × 18 × 22 = 1103619686400. அதாவது நூற்றுக்குப் பதினாறு எண்கள்தாம் இதனோடு ஒட்டாமல் நிற்கின்றன. 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் இது வகுபடும்; முதன்முதலில் மீதி வருவது 29-இல்தான்.

இந்த எண்ணை நான் தற்செயலாக எடுக்கவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் தன் அளவுக்கு வகுத்திகள் இல்லாத எண்களைச் சீனிவாச ராமானுஜன் தனியே எடுத்து ஆராய்ந்தார். உயர் பகு எண்கள் என்று அவற்றை அழைக்கலாம். கும்பகோணத்தில் வளர்ந்து 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே இதைப் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரையை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அக்கழகம் அப்போது பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. அது 1997-இல்தான் வெளிவந்தது. அக்கட்டுரையில் அவர் தந்த பட்டியலின் கடைசி எண்தான் 6746328388800.

இத்தகைய எண்களில் 2-இன் அடுக்கு 3-இன் அடுக்குக்குக் குறையாது, 3-இன் அடுக்கு 5-இன் அடுக்குக்குக் குறையாது என்று அடுக்குகள் இறங்கிக்கொண்டே போகும். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. காரணம் எளிது. பெரிய பகா எண்ணுக்குக் கூடுதல் அடுக்கைக் கொடுத்திருந்தால், அதையும் சிறிய பகா எண்ணின் அடுக்கையும் இடம் மாற்றி, வகுத்திகளின் எண்ணிக்கை குறையாமல் எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 என்ற இரு எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 1 என்பதையும் ராமானுஜன் நிறுவினார். நம் எண்ணின் அடுக்குகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1.

இன்னொன்றையும் புதியவர்கள் கவனிக்க வேண்டும். நம் எண்ணை 23-ஆல் வகுத்தால் 293318625600 வரும். அதற்கு 5040 வகுத்திகள். அதுவும் ஓர் உயர் பகு எண்ணே. ஆனால் ராமானுஜனின் பட்டியலில் அது ஒன்று விடுபட்டிருக்கிறது. கணினி இல்லாத காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கையால் தேடித் தொகுத்த பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் தவறியது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

நான்காம் படி: பகு எண்தானா என்று காரணி தெரியாமலே அறிதல்

இனி இரண்டாவது எண்ணுக்கு வருவோம். 147573952589676412927 என்பது 2⁶⁷ − 1. இது பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் எழுதினார். அது தவறு என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார். ஆனால் காரணி எதையும் அவரால் காட்ட முடியவில்லை. அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அதைக் காட்டினார்: 193707721 × 761838257287.

காரணியே தெரியாமல் பகு எண் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? எளிய சோதனையொன்று ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து கிடைக்கிறது (லூக்கா கையாண்டது வேறு முறை). ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த அடிமானத்தை எடுத்து, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் அது பகு எண்தான். அடுக்கு எவ்வளவு பெரிதாயினும் அஞ்ச வேண்டாம். வர்க்கப்படுத்தி மீதி எடுத்து, மறுபடி வர்க்கப்படுத்தி மீதி எடுத்துப் போனால், நம் எண்ணுக்கு 66 வர்க்கங்களிலும் அவற்றின் இடையே வரும் பெருக்கல்களிலும் வேலை முடிந்துவிடும். பைத்தானின் அடுக்குச் செயற்கூறு (pow) மூன்றாவது உள்ளீடாக வகு எண்ணையும் ஏற்பதால், இதை ஒரே வரியில் செய்யலாம்.

ஆனால் இங்கே அடிமானமாக 2-ஐ எடுத்தால் ஏமாந்துபோவோம். கையால் சரிபார்க்கக்கூடிய சிறிய உதாரணம் 2¹¹ − 1 = 2047. 2048-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11-இன் 186 மடங்கு. எனவே 2-ஐ 2046 அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1-தான். ஆயினும் 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக உள்ள இவ்வகை எண்கள் எல்லாமே இந்தச் சோதனையில் 2-ஐக் கொண்டு தேறிவிடும். ஆகவே 3-ஐ எடுங்கள். 2⁶⁷ − 1-க்கு மீதி 1 வராது, சோதனை முடிந்தது. 561 போன்ற சில எண்கள் தம்மோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களுக்கும் தேறிவிடுவதால், நடைமுறையில் இதைவிடக் கூர்மையான மில்லர்–ராபின் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். ஐயத்துக்கே இடமில்லாமல், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நியாயமான நேரத்தில் முடிவு சொல்லும் முறையை 2002-இல் ஐ.ஐ.டி. கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் கண்டனர். அவர்களில் கயால் பின்னர் நம் பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார்.

ஐந்தாம் படி: எண்ணின் வடிவத்தைப் பயன்படுத்துதல்

பகு எண் என்று தெரிந்தாயிற்று, காரணி வேண்டும். வர்க்கமூலம் ஏறத்தாழ 1214 கோடி என்பதால், ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பது வீண். எண்ணின் வடிவம் இங்கே கைகொடுக்கிறது. 2⁶⁷ − 1-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2-இன் அடுக்குகள் 67-ஆவது அடுக்கில்தான் முதன்முதலாக மீதி 1 தருகின்றன. 67 பகா எண் என்பதால் அதற்கு முன்பு தர வழியில்லை. ஆகவே அந்தக் காரணியில் ஒன்றைக் குறைத்தால் வருவது 67-இன் மடங்கு. இரட்டை எண்ணும் கூட என்பதால் 134-இன் மடங்கு. மேலும், 8-ஆல் வகுத்தால் அக்காரணிக்கு மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும்.

இந்த இரு சல்லடைகளின் வலிமையை 2²⁹ − 1 = 536870911-இல் பாருங்கள். காரணிகள் 58-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியவையாக இருக்க வேண்டும்: 59, 117, 175, 233. 59-க்கும் 117-க்கும் 8-ஆல் வகுத்த மீதி பொருந்தவில்லை; 175 பகா எண் அன்று; ஆக முதலில் சோதிக்க வேண்டியதே 233. அது மீதியின்றி வகுக்கிறது. மற்ற காரணிகள் 1103, 2089.

ஆறாம் படி: கணினி முறைகள்

2⁶⁷ − 1-க்கு இந்தச் சல்லடைகளுக்குப் பிறகும் வேலை மிகுதி. ஜான் பொல்லார்டு 1974, 1975 ஆண்டுகளில் தந்த இரு முறைகளை இங்கே கற்றுக்கொள்ளலாம். பிந்தியதான ரோ முறையில், தேவைப்படும் படிகள் சிறிய காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டியவை. 193707721-இன் வர்க்கமூலம் 14 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், சாதாரண மடிக்கணினியிலும் கண் இமைக்கும் நேரமே ஆகும்.

முந்தியது எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு காரணியில் ஒன்றைக் குறைத்து வரும் எண் சிறிய பகா எண்களால் மட்டுமே ஆனதாக இருந்தால், அந்தக் காரணி தானே வெளிப்பட்டுவிடும். இங்கே 193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677. ஆகவே 1 முதல் 3000 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கை அடுக்காகக் கொண்டு, 3-ஐ உயர்த்தி, மீதியிலிருந்து 1-ஐக் கழித்து, மூல எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 193707721 கையில் விழும். மற்றொரு காரணியில் ஒன்றைக் குறைத்தால் 8539 என்ற பகா எண் உள்ளே இருப்பதால் அது கூடவே வந்து குழப்பாது. இங்கும் 2-ஐ அடிமானமாக எடுக்கக் கூடாது. நான்காம் படியில் சொன்ன அதே காரணம்தான்.

காரணிகள் கிடைத்ததும் பெருக்கிச் சரிபாருங்கள். இலக்கக் கூடுதல் வழியாக 9-இன் மீதியை ஒப்பிட்டால் மட்டும் போதாது, ஏனெனில் இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் அது காட்டாது. 11-இன் மீதியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பிறகு இயல்புகள் ஒரு நொடியில் வரும்: வகுத்திகள் நான்கு, அவற்றின் கூடுதல் 147573953351708377936.

இரண்டு காரணிகளும் நீண்டவையாகவும், இத்தகைய தனி வடிவம் எதுவும் இல்லாதவையாகவும் இருந்தால் இந்த முறைகள் எல்லாம் தளர்ந்துவிடும். இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலைப் பொதுத் திறவுகோலாக வெளியிட்டுச் செய்திகளை மறைத்து அனுப்ப உதவுகிற, 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம் நிற்பதே அதன் மேல்தான். 250 இலக்கங்கள் கொண்ட ஆர்.எஸ்.ஏ.-250 என்ற எண் 2020-இல்தான் உடைக்கப்பட்டது; அதற்கும் பல கணினிகளின் கூட்டு உழைப்பு வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு பெரிய எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண எதையும் உடைக்க வேண்டியதில்லை. யூக்ளிடின் முறை நொடியில் சொல்லிவிடும். இணையத்தில் பயன்பாட்டில் இருந்த பொதுத் திறவுகோல்கள் பல ஒரே பகா எண்ணைப் பகிர்ந்திருந்ததை 2012-இல் ஆய்வாளர்கள் இவ்வழியில்தான் கண்டுபிடித்தனர். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இதை நினைவில் கொண்டு, திறவுகோல் உருவாக்கும் நிரல்களில் தற்போக்கு எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பது அவசியம்.

பயிற்சிக்கு 2³⁷ − 1 = 137438953471-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காரணிகள் 74-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியவை. 8-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7. இந்த இரண்டையும் வைத்து 75, 149, 223 என்ற வரிசையில் எது நிற்கிறது என்று பாருங்கள். நிற்பதைக் கொண்டு எண்ணைக் கையால் வகுத்து, கிடைக்கும் ஒன்பது இலக்க ஈவு பகா எண்தானா என்பதை மட்டும் கணினியிடம் கேளுங்கள்.